பழைய வீட்டைப் புதுப்பித்தபோது எதற்கு முதலில் செலவு செய்தேன்

தஞ்சாவூரில் 1980களில் அப்பா கட்டிய வீடு. சுவரை உடைத்து வேலை பார்ப்பதென்று முடிவானதும் மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், வாசலுக்கு கிரானைட் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் பார்த்தது ஒன்றுதான்: பெயின்ட் அடித்த பிறகு இதைச் செய்ய மறுபடி சுவரையோ தரையையோ உடைக்கணுமா? ஆமாம் என்றால் அது இப்போதே.

முதலில் வயரிங். சுவிட்ச் போர்டைக் கழற்றினால், பழைய வயரின் மேலுறை விரல் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பல பாயிண்டுகளில் எர்த்தே இல்லை. எல்லாவற்றையும் உருவிவிட்டு, பிளக் பாயிண்டுகளுக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டோம். யாருக்காவது ஷாக் அடித்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் கரண்ட்டைத் துண்டிப்பது அதுதான். குழந்தைகள் உள்ள வீட்டில் தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

அடுத்து தண்ணீர். பழைய ஜிஐ பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) அறுத்துப் பார்த்தால், துருவும் உப்பும் அடைத்து பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி. அதை சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப்பாக மாற்றியதும் குழாயில் தண்ணீர் வேகமாக வந்தது. பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டும் முன் வாட்டர்ப்ரூஃபிங் பூசி, தண்ணீர் கட்டி வைத்து, கீழே ஈரம் தட்டுகிறதா என்று பார்த்தோம். மேஸ்திரி அவசரப்பட்டார், நான் விடவில்லை.

மொட்டை மாடிக்கு வெள்ளை கூல் ரூஃப் டைல்ஸ். சித்திரையிலும் மாடி அறையில் தூங்க முடிகிறது.

மாடுலர் கிச்சன் காசு சேரும்போது வரட்டும். அதற்கான பிளக் பாயிண்டுகளும் சிம்னிக்கான துளையும் இப்போதே வைத்தாயிற்று.