பிளாட்டர் வாங்குமுன்: விலையை வகுத்தால் போதாது

பல பண்டங்களை ஒரே பலகையில் அடுக்கித் தரும் பிளாட்டருக்கு நேரே ‘நான்கு பேருக்கு’ என்று மெனுவில் அச்சிட்டிருக்கிறது. மேசைக்கு வரும் நீண்ட மரப்பலகையில் இறால் மூன்று, கபாப் ஆறு, கோழி இறக்கை ஐந்து. மூன்று இறாலை நான்கு பேர் எப்படிப் பங்கிடுவது என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஒருவர் ‘எனக்கு வேண்டாம்’ என்று பெருந்தன்மையாக ஒதுங்கி, ரொட்டியைச் சாஸில் தொட்டுத் தின்றுகொண்டிருப்பார். பில் வரும்போது அவருக்கும் சரிசமமாகக் கால் பங்கு. நவநாகரிக உணவகங்களில் பிளாட்டர் வாங்குகிறவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். விலையை நான்கால் வகுத்துப் பார்த்து ‘தலைக்கு இவ்வளவுதானே’ என்று மகிழ்கிறார்கள். பண்டங்களை வகுத்துப் பார்ப்பதில்லை.

‘இத்தனை பேருக்கு’ என்பது அளவு அல்ல, உணவகத்தின் மதிப்பீடு. ஓரிடத்தில் அது வயிறு நிறையும் சாப்பாடாக இருக்கும். இன்னோரிடத்தில் பசியைக் கிளப்பிவிடும் கொறிப்பாக இருக்கும். ஆகவே ஆர்டர் எடுக்க வருபவரிடம் ஒவ்வொன்றும் எத்தனை துண்டு என்று கேட்டுவிடுங்கள். இதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. எண்ணிக்கை உங்கள் கூட்டத்தோடு பொருந்தாவிட்டால், கூடுதல் விலைக்கு ஒரு துண்டு சேர்த்துத் தர முடியுமா என்றும் கேட்கலாம்.

அடுத்தது, பலகையின் பரப்பை உணவின் அளவாக எடுத்துக்கொள்வது. கீரை இலைகள், எலுமிச்சைத் துண்டுகள், குவித்து வைத்த உருளைக்கிழங்கு வறுவல், நான்கைந்து சிறு கிண்ணங்கள் என்று பாதிப் பலகை இவற்றாலேயே நிறைந்துவிடும். ஒரே அளவுள்ள வட்டம், தன்னை ஒட்டிய வளையத்துக்குள் பெரிதாகவும் அகன்ற வளையத்துக்குள் சிறிதாகவும் தெரியும் என்பதை பெல்ஜியத்தைச் சேர்ந்த உளவியல் அறிஞர் டெல்போஃப் 1865-லேயே விவரித்திருக்கிறார். சின்னக் கிண்ணத்தில் விளிம்புவரை நிரப்பிய ஹம்மஸ் என்ற கொண்டைக்கடலை மசியல் தாராளமாகத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். அதையே ஒரு பெரிய தட்டில் பரப்பினால் இரண்டு கரண்டிதான் தேறும்.

சரி, கொடுக்கும் காசுக்குத் தகுமா என்பதை எப்படிக் கணக்கிடுவது? மெனுவைப் புரட்டி, பிளாட்டரில் உள்ள முக்கியமான பண்டங்கள் தனியாக என்ன விலைக்கு விற்கின்றன என்று பாருங்கள். தனியாக வாங்கினால் கபாப் நான்கு துண்டு என்றால், பிளாட்டரில் உள்ள ஆறு துண்டு ஒன்றரைத் தட்டுக்குச் சமம். இறக்கை, இறால், பாலாடைக்கட்டி எல்லாவற்றையும் இப்படியே கூட்டுங்கள். வறுவலையும் ரொட்டியையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவற்றைத் தனியாக வாங்கியிருப்பீர்கள் என்றால் மட்டும் சேர்க்கலாம். சமையலறைக்கு மிகக் குறைந்த செலவு வைப்பவை அவைதான். வந்த கூட்டுத்தொகை பிளாட்டர் விலையைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தால் லாபம். ஏறத்தாழச் சமமாக இருந்தால், பலகைக்கும் பகட்டுக்கும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள் என்று பொருள். குறைவாக இருந்தால் தனித்தனியாகவே வாங்கிக்கொள்ளலாம். அப்போது எது வேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்கிறீர்கள்.

இருவருக்கு, நால்வருக்கு என்று இரண்டு அளவுகள் இருக்கும் இடங்களில் இன்னொரு ஒப்பீடும் தேவை. பெரியதில் இறைச்சியும் இரட்டிப்பாகிறதா, அல்லது வறுவல் மட்டும்தான் பெருகுகிறதா? இரண்டு சிறிய பிளாட்டர்கள் ஒரு பெரியதைவிட மேலாக இருக்கும் மெனுக்களும் உண்டு. ‘பெரியது எப்போதும் சிக்கனம்’ என்ற நினைப்பை நம்பித்தான் பலர் மெனுவின் அடிவரியைச் சுட்டிக்காட்டிவிடுகிறார்கள்.

எடை போட்டிருந்தாலும் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். இறைச்சியின் எடை பெரும்பாலும் சமைக்குமுன் இருந்த எடை. வாட்டும்போது நீரும் கொழுப்பும் வடிந்து ஏறத்தாழ கால் பங்கு குறைந்துவிடும். எலும்போடு வருவது என்றால் தின்னக் கிடைப்பது இன்னும் குறைவு. கோழி இறக்கையும் எலும்பில்லாத துண்டும் ஒரே கிராம் கணக்கில் நின்றால், அவை ஒன்றல்ல.

பிளாட்டர் போதாமல் போய்விடுமோ என்று பயந்து, அதோடு சேர்த்தே ஆளுக்கொரு முதன்மை உணவையும் சொல்லிவிடுவது இன்னொரு பெரிய செலவு. பல சுவைகள் எதிரே இருந்தால் நாம் அதிகமாகத் தின்போம். 1981-இல் பார்பரா ரோல்ஸும் உடன் பணியாற்றியவர்களும் செய்த ஆய்வில், நான்கு வகை சாண்ட்விச் கிடைத்தவர்கள், ஒரே வகை கிடைத்தவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம் சாப்பிட்டார்கள். ஆகவே பிளாட்டரில் கைவைத்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. அதைப் பசி என்று எண்ணி மெனுவை மறுபடி வரவழைக்க வேண்டாம். பலகை காலியானபின் சற்று நேரம் பேசிக்கொண்டிருங்கள். அதன்பிறகும் தேவைப்பட்டால் சொல்லிக்கொள்ளலாம்; கடை எங்கும் ஓடிவிடாது.

படம் எடுப்பதைப் பற்றி ஒரே ஒரு வரி: பொரித்தது மொறுமொறுப்பை இழக்கும் நேரத்தில் கேமராவைத் தேடாதீர்கள். எல்லாம் ஒரே நேரத்தில் வந்து இறங்குவதால் சூடானவற்றை முதலில் முடித்து, பாலாடைக்கட்டி, ஹம்மஸ், ஆலிவ் போன்றவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது. சாஸை மேலே ஊற்றாமல் தனியாகத் தரச் சொல்லுங்கள்.

பில்லைச் சமமாகப் பிரிப்பது என்று முன்பே முடிவாகிவிட்டால் கை தாராளமாகிவிடுகிறது. 2004-இல் நீஸி, ஹாருவி, யாஃபே ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு இதை உணவகத்திலேயே சோதித்துக் காட்டியது: அவரவர் தின்றதற்கு அவரவர் கொடுத்தவர்களைவிட, சமமாகப் பிரித்துக் கொடுத்தவர்கள் அதிகத்துக்கு ஆர்டர் செய்தார்கள். பிளாட்டரில் இது இன்னும் கோணலாகும். இறைச்சி சாப்பிடாதவர் ஒருவர் இருந்தால் பலகையில் அவருக்குச் சொந்தமானது ஒரு மூலைதான்; அதிலும் பக்கத்துச் சாறு வழிந்து வந்துவிடும். வறுவலும் கோழியும் ஒரே எண்ணெயில் பொரிந்திருக்கலாம். அவருக்குத் தனித்தட்டு வாங்கிக் கணக்கையும் தனியாக வைப்பதே நியாயம். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது காசு விஷயம் மட்டும் அல்ல. ஹம்மஸில் சேரும் தஹினி எள்ளை அரைத்துச் செய்வது. ஒரே கரண்டி எல்லாக் கிண்ணங்களிலும் போய்வரும் மேசையில் எதையும் பிரித்து வைக்க முடியாது.

இவ்வளவு சொன்னாலும் பிளாட்டர் வேண்டாத பொருள் அல்ல. புதிய இடத்தில் சமையலறையின் கைப்பக்குவத்தை ஒரே நேரத்தில் சோதிக்க அதைவிட நல்ல வழி இல்லை. இரண்டு மூன்று பேர், அதிகப் பசி இல்லாத மாலை, பேச்சுத்தான் முக்கியம் என்றால் தயங்காமல் வாங்கலாம். ஹம்மஸ் போல ரொட்டியைத் தொட்டுத் தின்னும் டிப்புகள் மட்டுமே உள்ள பிளாட்டரை மலிவான சரக்கு என்று சிலர் ஒதுக்குவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்; ஐந்து வகையை அன்றன்று அரைத்துச் செய்யும் இடத்தில் அந்த உழைப்புக்குத்தான் விலை. அங்கே கவனிக்க வேண்டியது வேறு. ரொட்டி எப்போதும் கிண்ணங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். மறுபடி கேட்டு வாங்கும் ரொட்டிக்குத் தனி விலை உண்டா என்பதை முதல் துண்டைப் பிய்க்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.