ஸ்டேர்கேஸ் வயரிங்: போர்டு வைத்துப் பாடம் நடத்துவது எப்படி?

ஐடிஐ எலக்ட்ரீஷியன் டிரேடுக்குப் புதிதாகப் பாடம் எடுக்க வருபவர்கள் பெரும்பாலும் கரும்பலகையில் சர்க்யூட்டை வரைவார்கள், பத்து நிமிடம் விளக்குவார்கள், "சரி, போய் வயரிங் பண்ணுங்க" என்று விட்டுவிடுவார்கள். பலகையில் பார்த்த கோட்டுக்கும் கையில் இருக்கும் வயருக்கும் என்ன சம்பந்தம் என்றே பாதிப் பேருக்குப் பிடிபட்டிருக்காது. பொருளை முதலில் காட்டுங்கள், படம் அப்புறம் வரட்டும். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், எதை அழுத்தினாலும் அதே விளக்கு எரியும், அணையும்: இந்த மாடிப்படி விளக்கை வைத்தே அதைப் பார்ப்போம்.

1. சுவிட்சைப் பிரித்துக் கையில் கொடுங்கள்

பழைய டூ-வே சுவிட்சுகள் நாலைந்தின் பின்மூடியைக் கழற்றி வகுப்பில் சுற்றுக்கு விடுங்கள். மூன்று டெர்மினல் இருக்கும். அழுத்தினால் உள்ளே இருக்கும் தகடு சீசா மாதிரி ஒரு பக்கம் சாயும், மறுபடி அழுத்தினால் மறுபக்கம். இந்த சுவிட்சுக்கு 'ஆஃப்' என்று ஒரு நிலையே கிடையாது. மூன்றில் பொதுவானதான காமன் டெர்மினல், மற்ற இரண்டில் ஏதோ ஒன்றோடு எப்போதும் சேர்ந்தே இருக்கும். இது கண்ணில் பட்டுவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

2. டெமோ போர்டு

3 அடிக்கு 2 அடி பிளைவுட், இரண்டு டூ-வே சுவிட்ச், 12 வோல்ட் டிசி அடாப்டர், ஒரு ஃபியூஸ், 12 வோல்ட் எல்இடி பல்பு போதும். விலைக்கு வாங்கும் பல போர்டுகளில் வயர்கள் பின்னால் மறைந்திருக்கும். பார்க்க அழகு, பாடத்துக்கு உதவாது. வயர் முழுவதையும் முன்பக்கமே ஓட்டுங்கள். பிளஸ் பேஸுக்குப் பதில், சிவப்பு. மைனஸ் நியூட்ரலுக்குப் பதில், கருப்பு. சுவிட்சுகளுக்கு நடுவே போகும் இரண்டு வயரும் மஞ்சள், நீலம். பச்சையைத் தொடாதீர்கள், அது எர்த்துக்கு மட்டும்.

3. இப்போது படம்

போர்டில் எது இடப்பக்கமோ, படத்திலும் அது இடப்பக்கமே. நிறங்களும் அதே. அவ்வளவுதான்.

4. செய்து காட்டுதல்

20 பேர் மேசையைச் சுற்றி நின்றால் முன்னால் நிற்கும் ஐந்து பேருக்குத்தான் ஸ்க்ரூ தெரியும். செல்போனை ஸ்டாண்டில் மாட்டி டிவியில் இணைத்துவிடுங்கள். இன்சுலேஷனை எவ்வளவு சீவ வேண்டும், டெர்மினலுக்கு வெளியே செம்பு எட்டிப் பார்த்தால் ஏன் ஆபத்து என்பதெல்லாம் நெருக்கத்தில் காட்டினால்தான் புரியும்.

முதல் தடவை பேசாமல், வழக்கமான வேகத்தில் செய்யுங்கள். இரண்டாவது தடவை நிதானமாக, காரணத்தோடு. மூன்றாவது தடவை மாணவர் சொல்லட்டும், உங்கள் கை அவர் சொல்வதை மட்டும் செய்யட்டும். தப்பாகச் சொன்னால் தப்பாகவே மாட்டுங்கள். 12 வோல்ட்தானே, மிஞ்சிப் போனால் ஃபியூஸ் போகும். அதற்கு அப்புறம்தான் அவர் கையில் ஸ்க்ரூடிரைவர்.

5. வேண்டுமென்றே ஒரு கோளாறு

எனக்குப் பிடித்த பகுதி இது. ஒரு சுவிட்சில் காமனில் இருக்க வேண்டிய சிவப்பையும் பக்கத்து மஞ்சளையும் இடம் மாற்றிவிடுங்கள். சரியான வயரிங்கில், இரண்டு சுவிட்சுக்கும் சேர்த்து வரும் நான்கு நிலைகளில் இரண்டில் பல்பு எரியும். மாற்றிய பிறகு ஒன்றில் மட்டுமே எரியும். கீழே போட்டால் எரிகிறது, மேலே போனால் சில நேரம் எரிவதே இல்லை என்று வீடுகளில் வரும் புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நான்கு நிலைகளையும் நோட்டில் அட்டவணை போடச் சொல்லுங்கள். பிறகு சப்ளையைத் துண்டித்து, மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு தொடர்ந்து இருந்தால் ஒலி எழுப்பும் நிலை) வைத்து, 'பீப்' எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்று அவர்களே தேடட்டும். விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

6. கடைசியாக 230 வோல்ட்

எம்சிபியும் (ஷார்ட் சர்க்யூட், ஓவர்லோடு வந்தால் தானே துண்டிப்பது) 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் துண்டிப்பது) உள்ள தனி சப்ளையில் மட்டும். சுவிட்ச் பேஸ் வயரில்தான் இருக்கிறதா, எர்த் சேர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு போர்டையும் நீங்களே மீட்டர் வைத்துப் பாருங்கள். பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை மெயின் பாக்ஸ் பூட்டியே இருக்கட்டும், சாவி உங்கள் பையில்.