சுகர் மெஷின், ஸ்ட்ரிப், இன்சுலின்: கம்மி செலவுல எப்படி வாங்குறது

மெஷின் ஃப்ரீயா கிடைக்குதுன்னு உடனே வாங்கிடாதீங்க, மொதல்ல அதுல ரத்தத் துளி வெச்சுப் பாக்குற ஸ்ட்ரிப் என்ன விலைன்னு கேளுங்க. ஒரு மெஷினோட ஸ்ட்ரிப் இன்னொண்ணுக்கு சேராது, மெஷின் வாங்குறது ஒரு தடவை ஸ்ட்ரிப் வாங்குறது மாசாமாசம், சும்மா குடுக்குறதே அதுக்குத்தான். எங்க அப்பாவுக்கு இப்படி வந்த மெஷினை வெச்சுக்கிட்டு ஸ்ட்ரிப்புக்கு காசு அழுதோம், அப்புறம் ஸ்ட்ரிப் விலை கம்மியா உள்ள மெஷினை காசு குடுத்தே வாங்கினோம், அதுதான் மிச்சமாச்சு.

டாக்டர்கிட்ட வெக்கப்படாம, செலவு கட்டுப்படியாகலன்னு சொல்லிடுங்க. தினமும் எத்தனை தடவை குத்திப் பாக்கணும்னும் கேளுங்க. மாத்திரை மட்டும் போடுற நிறைய பேருக்கு தினமும் தேவைப்படாது, ஆனா இன்சுலின் போடுறவங்க ஸ்ட்ரிப்ல மிச்சம் பிடிக்கவே கூடாது. மருந்தை ஜெனரிக் பேர்ல, அதாவது கம்பெனி பேர் இல்லாம மருந்தோட பேர்லயே எழுதித் தரச் சொல்லுங்க. மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரையும் ஹ்யூமன் இன்சுலினும் உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்து பட்டியல்லயே இருக்கு, அதனால அரசு ஆஸ்பத்திரில மொதல்ல விசாரிங்க. கொஞ்சம் மாத்தி அமைச்ச புது வகையான அனலாக் இன்சுலினை விட, மனுச உடம்புல சுரக்குற மாதிரியே செய்யுற ஹ்யூமன் இன்சுலின் பொதுவா விலை கம்மி, ஆனா நீங்களா மாத்திடாதீங்க, அளவும் சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்னாடி போடணுங்கிறதும் மாறும்.

நோவோ நார்டிஸ்க், லில்லி, சனோஃபி மாதிரி இன்சுலின் கம்பெனிங்க சில நாடுகள்ல வருமானம் கம்மியா உள்ளவங்களுக்கு உதவித் திட்டம் வெச்சிருக்காங்க, டாக்டர் சீட்டும் வருமானச் சான்றும் ரெடியா வெச்சுக்கோங்க. டைப் 1 (உடம்புல இன்சுலின் சுரக்காத சுகர் வகை) உள்ள பிள்ளைங்களுக்கு வசதி குறைஞ்ச நாடுகள்ல லைஃப் ஃபார் எ சைல்டுன்னு ஒரு திட்டம் இன்சுலின், ஸ்ட்ரிப், சிரிஞ்ச் எல்லாம் அங்கங்க உள்ள மருத்துவமனைங்க மூலமா குடுக்குது, உங்க நாட்டுல இருக்கான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. நவம்பர் 14 உலக நீரிழிவு தினம், அதை ஒட்டி இலவச முகாம்கள் நடக்கும்.

யாராவது இந்தப் பொருளையெல்லாம் சும்மா குடுத்தா வாங்குங்க, ஆனா பிரிச்ச ஸ்ட்ரிப் டப்பாவும் தேதி முடிஞ்சதும் வேண்டாம். ஊசி, லான்செட் (விரல்ல குத்துற முள்), இன்சுலின் பேனா இதெல்லாம் அடுத்தவங்க பயன்படுத்தினதா இருந்தா தொடவே தொடாதீங்க, ஊசியை மாத்தினாலும் பேனாவை பங்கு போடக்கூடாது. சிரிஞ்ச்ல 40ன்னும் 100ன்னும் (ஒரு மில்லியில எத்தனை யூனிட் இன்சுலின்ங்கிற கணக்கு) ரெண்டு வகை இருக்கு, இன்சுலின் பாட்டில்ல என்ன நம்பரோ அதே சிரிஞ்ச்தான் எடுக்கணும். 100 இன்சுலினை 40 சிரிஞ்ச்ல எடுத்தா ரெண்டரை மடங்கு ஏறிடும், உயிருக்கே ஆபத்து.

ரெண்டு வாரத்துக்கு மிச்சம் இருக்கும்போதே அலைய ஆரம்பிங்க. தீரப்போகுதேன்னு இன்சுலினை கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுப் போட்டுக்கிட்டு சமாளிக்காதீங்க, கையில சுத்தமா இல்லைன்னா நேரா ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போயிடுங்க.