எச்ஐவி கூட்டு மருந்து: முதல் பாட்டில் கையில் வந்தவர்கள் செய்ய வேண்டியவை

மதுரை பெரியாஸ்பத்திரியில் எச்ஐவிக்கு மருந்து தரும் ஏஆர்டி மையமோ, பக்கத்து மாவட்ட மையமோ, புதிதாகச் சிகிச்சை தொடங்கும் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இன்று தருவது தினம் ஒரே மாத்திரைதான். அதற்குள் மூன்று மருந்துகள் இருக்கின்றன: டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50. சுருக்கமாக டிஎல்டி என்பார்கள். 30 கிலோவுக்குக் குறைவான பிள்ளைகளுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் வேறு மருந்து தருவார்கள். கீழே உள்ளது டிஎல்டி சாப்பிடுகிறவர்களுக்கு.

விழுங்குவது சுலபம். அதனோடு கூடவே என்ன விழுங்குகிறோம் என்பதில்தான் பலர் தெரியாமல் தவறு செய்கிறார்கள். அதனால் அந்தப் பகுதி கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

படி 1: தொடங்கும் முன் சொல்ல வேண்டியவை

கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு), ஈரல், ரத்த எண்ணிக்கை, மஞ்சள் காமாலை பி, சிடி4 (எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை) எல்லாம் மையத்திலேயே பார்ப்பார்கள். நீங்களாகச் சொல்ல வேண்டியது: இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல். இதில் ஒன்று இருந்தாலும் முதலில் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சர்க்கரை மாத்திரை, வலிப்பு மாத்திரை, நாட்டு மருந்து என்று எது சாப்பிட்டாலும் அட்டையோடு, டப்பாவோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். பெயர் நினைவில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பார்த்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

படி 2: நேரம் குறிப்பது

எந்த நேரமும் சரிதான், ஆனால் தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும். சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ எடுக்கலாம், பத்தியம் கிடையாது. கறி, மீன், தயிர் எதையும் விட வேண்டாம். மாலை போட்டிருந்தாலும், நோன்பு நாளானாலும், பழனிக்குப் பாதயாத்திரை போனாலும் மாத்திரை நிற்கக் கூடாது. நோன்பு வைப்பவர்கள் நோன்பு திறந்த பிறகு ஒரு நேரத்தை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

டோலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். இரவில் எடுத்துத் தூக்கம் வரவில்லை என்றால் காலைக்கு மாற்றுங்கள். மாற்றும்போது இடைவெளியை நீட்டக் கூடாது, குறைக்க வேண்டும்: இரவு 9 மணி மாத்திரைக்கு அடுத்ததை மறுநாள் காலை 7 மணிக்கே எடுத்துவிட்டு, பிறகு தினமும் 7 மணி என்று தொடரலாம்.

மது குடித்த நாளில் மாத்திரையை விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அது தவறு. குடியால் ஈரலும் உடம்பும் கெடும். மாத்திரையை விட்டால் அதோடு கிருமியும் பெருகும்.

படி 3: கூட எதை விழுங்கக் கூடாது

டோலுடெக்ராவிர் வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் இது மறக்காது. எச்ஐவி கிருமி தன் மரபுப் பொருளை நம் உயிரணுவுக்குள் ஒட்டவைக்க ஒரு நொதியைப் பயன்படுத்துகிறது. அந்த நொதியின் மையத்தில் மக்னீசியம் இருக்கிறது. டோலுடெக்ராவிர் அந்த மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு நொதியை முடக்கிவிடும். உலோகத்தைப் பிடிக்கும் இந்தக் குணம்தான் வயிற்றில் நமக்கு எதிராகத் திரும்புகிறது. அங்கே அலுமினியமோ மக்னீசியமோ இரும்போ கால்சியமோ இருந்தால் மருந்து அதைப் பிடித்துக்கொண்டு, ரத்தத்தில் சேராமல் வெளியேறிவிடும்.

டைஜின், ஜெலுசில் போன்ற நெஞ்செரிச்சல் மருந்துகளில் அலுமினியமும் மக்னீசியமும் இருக்கின்றன. டிஎல்டி எடுத்து 2 மணி நேரம் கழித்துத்தான் அவற்றைக் குடிக்கலாம். முதலில் அவற்றைக் குடித்துவிட்டால் டிஎல்டிக்கு 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். உங்கள் மாத்திரை இரவு 9 மணி என்றால், டைஜின் பிற்பகல் 3 மணிக்குள் அல்லது இரவு 11 மணிக்குப் பிறகு. பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் வகை மாத்திரைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அடிக்கடி நெஞ்செரிச்சல் வருகிறவர்கள் அதையே எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே 2, 6 கணக்குதான். ஒரு வசதி உண்டு: சாப்பாட்டோடு என்றால் டிஎல்டியையும் இவற்றையும் சேர்த்தே எடுக்கலாம். வெறும் வயிற்றில் சேர்க்கக் கூடாது.

நாட்டு மருந்து சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்: அயச்செந்தூரம் என்பது இரும்பு, சங்கு பற்பம் என்பது கால்சியம். மூலிகைதானே என்று கூடவே விழுங்கிவிடாதீர்கள். கூட்டு மருந்தை நிறுத்தினால்தான் என் மருந்து பிடிக்கும் என்று யார் சொன்னாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னும் சில. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு டோலுடெக்ராவிர் ரத்தத்தில் குறைந்துவிடும். அதனால் டிஎல்டி எடுத்து 12 மணி நேரம் கழித்து தனியாக இன்னொரு டோலுடெக்ராவிர் 50 தருவார்கள். ரிஃபாம்பிசின் முடிந்த பிறகும் 2 வாரம் அதைத் தொடர வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நாளுக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கார்பமசெபின், ஃபெனிடாயின் போன்ற வலிப்பு மருந்துகளும் டோலுடெக்ராவிரைக் குறைக்கும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் தாமாக வாங்கி நாள்கணக்கில் சாப்பிடாதீர்கள். டெனோஃபோவிரோடு சேர்ந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

படி 4: மறந்துவிட்டால், வாந்தி வந்தால்

நினைவு வந்த உடனே எடுங்கள். அடுத்த மாத்திரைக்கு 4 மணி நேரம்கூட இல்லை என்றால் மட்டும் அதை விட்டுவிட்டு, அடுத்ததை உரிய நேரத்தில் எடுங்கள். ஈடுகட்ட இரண்டாகப் போடக் கூடாது. விழுங்கி அரை மணிக்குள் வாந்தி வந்துவிட்டாலோ, வாந்தியில் மாத்திரை தெரிந்தாலோ இன்னொன்று எடுத்துக்கொண்டு, அடுத்த முறை மையத்தில் சொல்லுங்கள். மிச்ச மாத்திரையை எண்ணும்போது ஒன்று குறையும் அல்லவா?

மாதத்தில் 95 சதவீதத்துக்கு மேல் எடுத்திருக்க வேண்டும் என்பது மையத்தின் கணக்கு. 30இல் ஒன்று விட்டால் 97 தேறும், இரண்டு விட்டால் 93தான். இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் உண்டு. ரத்தத்தில் மருந்து அரைகுறையாக இருக்கும்போது கிருமி பெருகினால், அந்த மருந்துக்கு அடங்காத வகை உருவாகிவிடும். லாமிவுடினைச் செயலிழக்க வைக்க ஒரே ஒரு மரபு மாற்றம் போதும். மஞ்சள் காமாலை பி இருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து: டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்தக் கிருமியையும் அடக்கி வைத்திருக்கின்றன. திடீரென நிறுத்தினால் ஈரல் வீங்கும்.

படி 5: பாட்டிலை வைக்கும் இடம்

30 டிகிரிக்குள் வைக்கச் சொல்வார்கள். மதுரைச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகை, பைக் பெட்டி, அடுப்படி, விளக்கெரியும் சாமி அலமாரி எதுவும் ஆகாது. ஓட்டு வீட்டில் என்றால் தரையோடு ஒட்டிய நிழலான மூலை நல்லது. பாட்டிலுக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தைத் தூக்கிப்போடாதீர்கள், மூடியை இறுக்கி மூடுங்கள். வெளியூர் போனால் பயண நாளைவிட ஒரு வாரம் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். திருப்பூருக்கோ கேரளத்துக்கோ வேலைக்குப் போகிறவர்கள் பச்சைப் புத்தகத்தையும் (மையத்தில் தரும் சிகிச்சைக் குறிப்பேடு) கொண்டுபோனால் அங்குள்ள ஏஆர்டி மையத்தில் மருந்து வாங்கலாம். 1097 என்ற உதவி எண்ணுக்குப் பேசினால் பக்கத்து மையத்தைச் சொல்வார்கள், கட்டணம் இல்லை. உங்கள் நிலையை உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

படி 6: முதல் மூன்று மாதம்

குமட்டல், தலைவலி, தலைசுற்றல் சில வாரங்களில் அடங்கும். கிரியேட்டினின் லேசாக ஏறலாம். டோலுடெக்ராவிர் அது வெளியேறுவதைக் கொஞ்சம் தடுக்கும், அதனாலேயே சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். எடை கூடலாம், குறித்து வையுங்கள்.

காய்ச்சலோடு தடிப்பு, வாயில் புண், முகம் வீங்குதல், கண் மஞ்சளாவது, சிறுநீர் குறைவது ஆகியவற்றுக்கு அன்றே போக வேண்டும். புதிதாகக் காய்ச்சலோ, கழுத்தில் கட்டியோ, இருமலோ வந்தால் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நீங்களே நிறுத்தாதீர்கள். எதிர்ப்புச் சக்தி திரும்பும்போது, உள்ளே மறைந்திருந்த காசநோய் போன்றவை இப்படி வெளிப்படுவது உண்டு. தனியாகச் சிகிச்சை தருவார்கள்.

ஆறாவது மாதம் வைரல் லோடு பரிசோதனை, அதாவது ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் எத்தனை கிருமி என்ற கணக்கு. அது 200க்குக் கீழே வந்து அப்படியே நிலைத்தால் உடலுறவு வழியாகத் துணைக்குக் கிருமி பரவாது. அதுவரை ஆணுறை கட்டாயம். 1000க்கு மேல் வந்தால் உடனே மருந்தை மாற்ற மாட்டார்கள். எங்கே தவறுகிறது என்று ஆலோசகர் கேட்பார், மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள். அப்போது டைஜின், சத்து மாத்திரை, பற்பம் என்று சாப்பிட்ட அத்தனையையும் நேரத்தோடு சொல்லுங்கள்.