பழைய இன்னோவா வாங்கப் போகிறீர்களா? வண்டியைப் பார்க்கும் முன் அதை ஓட்டினவரைப் பாருங்கள்

"இன்னோவாதானே? கண்ணை மூடிக்கிட்டு வாங்குப்பா, அஞ்சு லட்சம் கிலோமீட்டர் ஓடும்." பழைய வண்டி வாங்கப் போவதாகச் சொன்னால் நான்கு பேரில் மூன்று பேர் இதைத்தான் சொல்வார்கள். பொய் இல்லை. அஞ்சு லட்சம் ஓடிய இன்னோவாக்களில் நானே உட்கார்ந்து போயிருக்கிறேன். ஆனால் அந்த வண்டிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் நேரத்துக்கு ஆயில் மாற்றிய ஒருவர் இருந்தார். அவர் இல்லாத இன்னோவா ஒன்றரை லட்சத்திலேயே பட்டறையில் படுத்துவிடும்.

முதல் முறையாகப் பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு, நான் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன். பேசுவது 2005இல் குவாலிஸுக்குப் பதிலாக வந்து, 2016இல் அடுத்த தலைமுறையான இன்னோவா கிரிஸ்டா வரும்வரை விற்ற முதல் தலைமுறை டீசல் இன்னோவா பற்றி. 2,494 சிசி காமன் ரெயில் இன்ஜின், சுமார் 102 குதிரைத்திறன். இவ்வளவு பெரிய இன்ஜினுக்கு அது அடக்கமான கணக்கு. நீடித்து உழைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். லாரி மாதிரி தனிச் சட்டத்தின் மேல் பாடி, பின் சக்கரத்துக்கு இழுவை. பெட்ரோலிலும் வந்தது, நம் பக்கம் அபூர்வம்.

முதல் படி: போனிலேயே பாதி வேலை

விற்பவரிடம் "வண்டி நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "சூப்பரா இருக்கு சார்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. நான் கேட்பது மூன்று. கடைசியாக எதற்காகப் பட்டறையில் விட்டீர்கள்? டைமிங் பெல்ட் (இன்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைக்கும் பட்டை) எத்தனை கிலோமீட்டரில் மாற்றினீர்கள்? வண்டியை யார் ஓட்டுவார்கள்?

மூன்றாவதுதான் முக்கியம். இன்னோவா வைத்திருக்கும் பலர் தாங்களே ஓட்டுவதில்லை. டிரைவர் இருப்பார். முடிந்தால் அவரிடம் பேசுங்கள்.

2019இல் லால்குடிப் பக்கம் ஓர் அரிசி மில்காரரிடம் 2010 மாடல் ஒன்றைப் பார்க்கப் போனேன். முதலாளிக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. டிரைவர் அண்ணனிடம் "லாங் போயிட்டு வந்தா உடனே ஆஃப் பண்ணிடுவீங்களா?" என்று சும்மா கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "டர்போ வண்டி தம்பி. ஒரு நிமிஷம் ஐடில்ல விட்டுத்தான் சாவிய திருப்பணும். இல்லன்னா உள்ள ஆயில் கருகிப் போயிரும்" என்றார். அப்புறம் டேஷ்போர்டு பெட்டியிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். டீசல் போட்டது, ஆயில் மாற்றியது, பஞ்சர் ஒட்டியது எல்லாம் தேதியோடு. பேனா மாறியிருந்தது, கையெழுத்து மாறவில்லை. மீட்டரில் 1,78,000. அந்த வண்டியைத்தான் வாங்கினேன், இன்றும் ஓடுகிறது.

இரண்டாம் படி: காகிதம்

சலிப்பான வேலை, ஆனால் வண்டியைப் பார்க்கும் முன்பே முடிக்க வேண்டியது. எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எப்போது பதிவானது, இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் வரும். ஆர்சியில் எத்தனையாவது ஓனர் என்று பாருங்கள். ஹெச்பி, அதாவது வண்டி மேல் கடன் பதிவு, இருந்தால், கடன் கொடுத்த இடத்திலிருந்து என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) கையெழுத்திட்ட 35ஆம் நம்பர் படிவமும் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். சேஸிஸ் நம்பரை ஆர்சியோடு ஒப்பிடும்போது புரோக்கர் படித்துக் காட்டுவதைக் கேட்காமல் நீங்களே குனிந்து பாருங்கள்.

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம். அதற்குப் பிறகு எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானதா என்ற சோதனை) காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். காருக்கு இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. தமிழ்நாட்டில் பசுமை வரி தனி. "எஃப்சி நீங்க காட்டிக்கோங்க சார், விலையில குறைச்சுக்கலாம்" என்று யாராவது சொன்னால், எஃப்சியில் தேறாத ஏதோ ஒன்று வண்டியில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே பாருங்கள்.

டெல்லி வண்டி தனிக் கதை. டெல்லி வட்டாரத்தில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. அதனால் அங்கே விலை இறங்கிய வண்டிகள் தெற்கே வர ஆரம்பித்தன. விலை ஆசை காட்டும். இங்கே மறுபதிவும் லைஃப் டாக்ஸும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆசை பாதியாகிவிடும். அதைவிட முக்கியம், ஓட்டினவரிடம் பேச முடியாது. நான் தொடுவதில்லை.

டி போர்டாக, அதாவது டாக்சியாக ஓடி, சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டுக்கு மாற்றிய வண்டி என்றால்? பலர் ஓடிவிடுவார்கள். நான் ஓட மாட்டேன். நெடுஞ்சாலையில் சீராக ஓடி, ரசீதோடு இரண்டரை லட்சம் காட்டும் வண்டி, ஊருக்குள்ளேயே முதல், இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டு எண்பதாயிரம் காட்டும் வண்டியைவிட மேல். டாக்சி என்பதை மறைத்தால் மட்டும் வேண்டாம். நம்பர் பிளேட்டைச் சுற்றி மஞ்சள் பெயின்ட் தடம், கூரையில் கேரியர் போட்ட ஓட்டை, தேய்ந்து வழவழத்த பின் கதவுக் கைப்பிடி, இவை காட்டிக்கொடுக்கும்.

மூன்றாம் படி: ஆறிய இன்ஜின்

காலையில் போங்கள். "நான் வந்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ணணும்" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சுட்டால் ஏற்கெனவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். டீக் குடித்துவிட்டு இன்னொரு நாள் வாருங்கள்.

சாவியைத் திருப்பினால் சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள், கூட வந்தவரைப் பின்னால் சைலன்சர் பக்கம் நிறுத்திவிட்டு. முதல் மூச்சில் லேசாகப் புகை வந்து நின்றால் பயப்பட வேண்டாம். நீலப் புகை நின்றபாடில்லை என்றால் ஆயில் எரிகிறது: பிஸ்டன் ரிங், வால்வு சீல், டர்போ மூன்றில் ஒன்று. ஆக்சிலேட்டர் அழுத்தும்போதெல்லாம் கறுப்பாகக் கக்கினால் இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் கருவி) கோளாறு அல்லது காற்று போகும் வழியில் அடைப்பு. வெள்ளைப் புகை வெகுநேரம் விடாமல் வந்து, கூலன்ட் அளவும் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினுக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்பு) மேல் சந்தேகப்படலாம்.

இன்ஜின் ஐடிலில் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே வாயின் மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக அதிர்ந்தால் சரி. கொதிக்கும் உலை மூடி மாதிரி துள்ளினால் ரிங் தேய்ந்து, எரியும் வாயு கீழே இறங்குகிறது. மூடியின் உள்பக்கத்தையும் பாருங்கள். பாலேடு மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம்.

டைமிங் பெல்ட்டைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது, மூடிக்குள் இருக்கிறது. இந்த டீசல் இன்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் மோதும், இன்ஜின் ஹெட்டைக் கழற்றும் செலவு வரும். மாற்ற வேண்டிய நேரத்தில் டேஷ்போர்டில் "டி-பெல்ட்" விளக்கு எரியும். ஆனால் பெல்ட்டை மாற்றாமலே அதை அணைத்துவிட முடியும். விளக்கு எரியவில்லை என்பதால் மாற்றியாயிற்று என்று நினைக்காதீர்கள். ரசீது இருக்கிறதா? இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். பெட்ரோல் இன்னோவாவில் பெல்ட்டுக்குப் பதில் செயின், இந்தக் கவலை இல்லை.

நான்காம் படி: சீட் பெல்ட்டை முழுசாக இழுங்கள்

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன்.

2016 சித்திரையில் சென்னையில் ஒரு புரோக்கரிடம் என் முதல் பழைய வண்டியை வாங்கினேன். இன்னோவா இல்லை, வேறு வண்டி. பெயர் வேண்டாம், அதன் மேல் தப்பும் இல்லை. ஏசி சில்லென்று இருந்தது. உள்ளே மல்லிகை வாசனை ஸ்பிரே. அந்த வாசனையே என்னை எச்சரித்திருக்க வேண்டும். வெயில் காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. ஆடியில் நல்ல மழை ஒன்று பெய்தது. மறுநாள் கதவைத் திறந்தால் கிணற்றுச் சேறு மாதிரி ஒரு வாடை. பவர் விண்டோ ஒன்று தானாகவே இறங்கியது. மெக்கானிக் ஒரு வார்த்தையும் பேசாமல் டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து, கடைசிவரை இழுத்தார். மேலே ஒன்றரை முழம் சுத்தமான கறுப்பு. அதற்குக் கீழே, உருளைக்குள் சுற்றியே கிடந்த பகுதியில், காய்ந்த களிமண் நிறத்தில் நேராக ஒரு கோடு. 2015 டிசம்பர் வெள்ளத் தண்ணீர் அதுவரை நின்றிருக்கிறது. சீட்டைக் கழுவி, கார்ப்பெட்டை மாற்றி, டேஷ்போர்டைப் பளபளக்க வைத்தவர்கள் பெல்ட்டை இழுத்துக் கழுவ மறந்துவிட்டார்கள். வயரிங் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. காரணத்தைச் சொல்லியே, உடைக்கிற விலைக்குக் கொடுத்தேன்.

எனவே ஐந்து பெல்ட் இருந்தால் ஐந்தையும் இழுங்கள். சீட் ரெயில் துருவையும், கார்ப்பெட் விளிம்பைத் தூக்கி அடியில் ஈரத்தையும் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்த வெள்ளத்தில் மாட்டிய வண்டிகளும் சந்தையில் இருக்கும்.

மீட்டரைக் குறைத்திருக்கிறார்களா என்பதும் உள்ளேயே தெரியும். எழுபதாயிரம் காட்டும் வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பர் வழுக்கையாக இருந்தால், மீட்டரை விட்டு ரப்பரை நம்புங்கள். டயர் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆம் வாரம் தயாரானது. பட்டன், அதாவது டயரின் வரிப்பள்ளம், ஆழமாக இருந்தாலும் டயர் கிழடாக இருக்கலாம்.

ஐந்தாம் படி: ஓட்டிப் பார்ப்பது

பாட்டை அணையுங்கள். புரோக்கர்கள் பாட்டுப் போட்டுவிட்டுத்தான் வண்டி தருவார்கள்.

ஒரு வேகத்தடை, ஒரு மேம்பாலம், கொஞ்சம் நல்ல சாலை போதும். வேகத்தடையில் முன்பக்கம் "டொக்" என்றால் சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ் அல்லது லிங்க் ராட் தேய்ந்திருக்கிறது. இந்த வயது இன்னோவாவில் இது சகஜம், விலையில் குறைக்கலாம், வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. மேம்பாலத்தில் நான்காம் கியரில் அழுத்தும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் முடிந்துவிட்டது. ஏசியை வைத்து, நீங்களே கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். பின் புளோயர் காற்று அங்கே வருகிறதா? வீட்டில் பெரியவர்கள் நடு வரிசைக்கும் பிள்ளைகள் கடைசிக்கும் போவார்கள். குறை வந்தால் உங்கள் காதில்தான் விழும்.

ஆறாம் படி: உங்கள் மெக்கானிக்

புரோக்கர் அழைத்து வரும் மெக்கானிக் வேண்டாம். இன்னோவா வேலையே பார்க்கும் ஒருவருக்கு அரை நாள் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். என் மெக்கானிக் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, டாக்டர் மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். சந்தேகம் இருந்தால் இன்ஜெக்டரைச் சோதிப்பார். நான்கு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலை நான்கு சின்ன பாட்டிலில் பிடித்து, சிறிது நேரம் கழித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஒரு பாட்டில் மட்டும் மற்றதைவிட அதிகம் நிரம்பியிருந்தால் அந்த இன்ஜெக்டர் போயிற்று. இரண்டு லட்சத்துக்கு மேல் ஓடிய வண்டியில் இந்தச் சோதனையைத் தவற விடாதீர்கள், காமன் ரெயில் இன்ஜெக்டர் விலை சாதாரணம் இல்லை.

வாங்கின பிறகு முதல் வாரம்

வாங்கும் விலையில் ஆறில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், பின் அச்சு ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், எல்லா ஃபில்டரும் முதல் வாரத்திலேயே மாறட்டும். முன்னவர் மாற்றியதாகச் சொன்னாலும் மாற்றுங்கள். ரசீது இல்லாத டைமிங் பெல்ட்டும் அதே வாரம்.

பெயர் மாற்ற 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கியாயிற்றா? விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மாற்றாமல் இடித்தால், எதிராளிக்குக் கிடைக்கும் இழப்பீடு உங்கள் வண்டிச் சேதத்துக்குக் கிடைக்காமல் போகலாம்.

அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு. எங்கள் வண்டியில் பழைய நோட்டு தீர்ந்து இப்போது மூன்றாவது ஓடுகிறது. பெல்ட் மாற்றிய அன்று மெக்கானிக் அதன் மூடியிலேயே வெள்ளை மார்க்கரில் தேதியும் கிலோமீட்டரும் எழுதிவிட்டார். "நோட்டு தொலைஞ்சாலும் இது தொலையாதுண்ணே."