கப்பலைப் பெயரை வைத்துத் தேடாதீர்கள்

2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் நகராமல் நின்ற கப்பலை கப்பல்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் இணையதளங்களில் இன்னமும் பலர் 'எவர்கிரீன்' என்றுதான் தேடுகிறார்கள். பக்கவாட்டில் பெரிய எழுத்தில் இருந்தது அதை இயக்கும் நிறுவனத்தின் பெயர். கப்பலின் பெயர் எவர் கிவன். அதே சாயலில் எவர் கிஃப்டட், எவர் குளோப் என்று இன்னும் சில கப்பல்கள் ஓடுகின்றன, ஓரெழுத்து தவறினாலும் வேறொரு கப்பலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் முதலில் ஐஎம்ஓ எண்ணை, அதாவது ஒவ்வொரு கப்பலுக்கும் தரப்படும் தனி அடையாள எண்ணை, கண்டுபிடியுங்கள். பெயர், கொடி, முதலாளி எல்லாம் மாறலாம், கப்பலை உடைக்கும் வரை இந்த ஏழு இலக்கம் மாறாது. (கப்பலின் ரேடியோ அடையாளமான ஒன்பது இலக்க எம்எம்எஸ்ஐ எண் அப்படியல்ல, கொடி மாறினால் அதுவும் மாறிவிடும்.) எவர் கிவனின் எண் 9811000. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள்: 63+48+5+4+0+0, மொத்தம் 120. அதன் கடைசி இலக்கம் 0, கப்பல் எண்ணின் கடைசி இலக்கமும் 0. பொருந்தவில்லை என்றால் யாரோ எண்ணைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம், வரைபடத்தில் தெரியும் புள்ளியைக் கப்பல் இந்த நொடியில் நிற்கும் இடம் என்று நம்பிவிடாதீர்கள். கப்பல் தன் இடத்தைத் தானாக அறிவிக்கும் ஏஐஎஸ் சிக்னல் கரையில் உள்ள ஆன்டெனாவுக்குச் சுமார் 40 கடல் மைல் வரைதான் ஒழுங்காக எட்டும், நடுக்கடலில் செயற்கைக்கோள்தான் பிடிக்க வேண்டும், அது தாமதமாகலாம். கடைசியாகச் சிக்னல் வந்த நேரத்தைப் பார்க்காமல் 'கப்பல் நின்றுவிட்டது' என்று பதறுவது வீண். அடுத்த துறைமுகமும் வந்துசேரும் நேரமும் கப்பலில் இருப்பவர்கள் கையால் பதிவது. மாற்ற மறந்தால் போன பயணத்தின் ஊரே அப்படியே நிற்கும்.

அளவுகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கிராஸ் டன்னேஜ் எடை அல்ல, உள்ளிடத்தின் கொள்ளளவிலிருந்து வரும் எண். டெட்வெயிட்தான் சரக்கு, எரிபொருள், தண்ணீர் எல்லாம் சேர்த்துக் கப்பல் தாங்கும் எடை. எவர் கிவனுக்கு இது ஏறக்குறைய 2 லட்சம் டன்.

நம் பக்கத்தில் அடிக்கடி நடப்பது வேறு. தூத்துக்குடியில் ஏறிய சரக்குப் பெட்டி (கன்டெய்னர்) கொழும்பில் இறங்கி வேறொரு பெரிய தாய்க்கப்பலில் ஏறும், நாமோ அதைக் கொழும்பு வரை கொண்டுபோன சின்ன ஃபீடர் கப்பலையே ஐரோப்பா வரை தேடிக்கொண்டிருப்போம். கப்பல் நிறுவனத்திடம் பெட்டியின் எண்ணைக் கொடுத்து, அது இப்போது எந்தக் கப்பலில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.