மீன் புதைபடிவங்களைப் படிக்கும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீனின் உடற்கூற்றையும் மீன் புதைபடிவங்களையும் சேர்த்துப் படிக்கத் தொடங்குபவர்கள் முதலில் இடறுவது, கல்லில் கிடைத்திருப்பதையே முழு மீனாக எடுத்துக்கொள்ளும்போதுதான். ஏறத்தாழ 42 முதல் 36 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டெவோனியன் காலத்துக் கவச மீனான டங்கிலியோஸ்டியசின் தலையையும் தோளையும் மூடிய எலும்புக் கவசம் நன்றாகவே கிடைத்திருக்கிறது. பின்னுடலோ ஏறக்குறைய கிடைக்கவே இல்லை. அதன் நீளம் எட்டு ஒன்பது மீட்டர் என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்ததும், 2023-இல் வெளியான ஓர் ஆய்வு தலையின் அளவுகளைக் கொண்டு அதை ஏறத்தாழ 4 மீட்டராகக் குறைத்ததும் அதனால்தான். படத்தைப் பார்க்கும்போது எது கல்லில் உள்ளது, எது ஓவியரின் ஊகம் என்று பிரித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த மீனின் வாயில் பற்களைப் போலத் தெரிபவைகூட தாடைத் தகடுகளின் கூரிய விளிம்புகளே.

அழிந்துபோன கடல் மீனான ஹெலிகோபிரியானின் சுருள் பல்வரிசை இதைவிடக் கடுமையான எச்சரிக்கை. உடல் கிடைக்காததால் அதை மூக்கு நுனியிலும் முதுகுத் துடுப்பிலும் வாலிலும்கூடப் பொருத்தி வரைந்தார்கள். அது கீழ்த்தாடைக்குரியது என்பதையும், அவ்வுயிர் சுறாக்களைவிட, அவற்றின் தூரத்து உறவான கைமீரா என்னும் குருத்தெலும்பு மீன்களுக்கே நெருங்கியது என்பதையும் 2013-இல் சிடி ஸ்கேன் ஆய்வு உறுதிப்படுத்தியது.

மண்டையோட்டில் ஓடும் ஒவ்வொரு கோட்டையும் எலும்புப் பொருத்து என்று வரைந்துவிடக் கூடாது. பாறையின் அழுத்தத்தால் உண்டான விரிசலும் அப்படித்தான் தெரியும். மறுபக்கத்து எலும்போடு ஒப்பிட்டால் பெரும்பாலும் ஐயம் தீரும்.

சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பாலானது என்பதால் அதுவே தாடையுள்ள மீன்களின் ஆதி நிலை என்று முடிவுகட்டுவது, பாடநூல் வரிசையை வரலாறாகக் கொள்வதால் வரும் பிழை. மங்கோலியாவில் கிடைத்து 2020-இல் விவரிக்கப்பட்ட, ஏறத்தாழ 41 கோடி ஆண்டுகள் பழமையான கவச மீன் ஒன்றின் மண்டையோட்டுக்குள் குருத்தெலும்புக்குப் பதிலாக உருவாகும் வகை எலும்பே காணப்பட்டது. எனவே சுறாக்களின் மூதாதையர் எலும்பைப் பின்னர் இழந்திருக்கலாம். மீன் நீரில் மிதக்க உதவும் காற்றுப்பையிலிருந்து நுரையீரல் தோன்றியது என்பதும் இதே வகைத் தவறு. எலும்பு மீன்களில் நுரையீரலே முந்தியது.

1938-இல் தென்னாப்பிரிக்கக் கடலில் உயிருடன் பிடிபட்ட, அதுவரை அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட சதைத்துடுப்பு மீனான சீலகாந்தை மாறாத மீன் என்றோ, நிலத்து விலங்குகளின் நேர் மூதாதை என்றோ எழுதுபவர்கள் இன்றும் உண்டு. நான்கு கால் விலங்குகளுக்கு அதைவிட நெருங்கிய உறவு நுரையீரல் மீன்களே. மாறாமை என்பதும் பொருந்தாது: இன்றைய சீலகாந்தின் நுரையீரல் கொழுப்பு சூழ்ந்த எச்சமாகச் சுருங்கிக் கிடக்க, பழைய சீலகாந்த்கள் சிலவற்றிலோ நுரையீரலைச் சுற்றியிருந்த எலும்புத் தகடுகள் பெரிய அளவில் பதிந்துள்ளன.